நார்மன் கில்பியின் நாலு டிகிரி

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரு ஆளைப் பார்த்து உனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்வது அவன் தாயைப் பழிப்பதற்குச் சமம். ஊரில் பாதிப்பேர் கார் செய்தார்கள். மீதிப்பேர் அவர்களுக்கு ரொட்டி சுட்டார்கள். ரொட்டி சுட்டவர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் காரைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தெருவே சேர்ந்து "எஞ்சின்னா நார்மன்தான்" என்று ஒப்புக்கொண்டது என்றால், நார்மன் கில்பி சாதாரண ஆளாக இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். சாதாரண ஆள்தான்.

அவன் கார் ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தான். "ஃபாக்டரியில இருக்கேன்" என்று மட்டும் சொல்வான்; அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இருந்தது சாமான் அறையில். கையுறை, துடைப்பம், சோப்பு, கக்கூஸ் காகிதம் ஆகியவற்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பது அவன் உத்தியோகம். எஞ்சின்கள் அவன் ஜன்னலைத் தாண்டித் தள்ளுவண்டியில் போகும். அவன் எட்டிப் பார்ப்பான். எஞ்சினுக்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

பெயர் வந்தது எப்படி என்றால், 1958-இல் ஒரு ஞாயிறு, தேவாலயத்து வாசலில் பாதிரியாரின் கார் கிளம்ப மறுத்தது. நார்மன் மூடியைத் தூக்கினான். ஸ்பார்க் பிளக்கின் ஒயர் ஒன்று கழன்று தொங்கியது. குழந்தை பார்த்தாலும் தெரியும். அவன் அதை உடனே மாட்டிவிடவில்லை. பத்து நிமிடம் காதை எஞ்சினில் வைத்துக் கேட்டான், இரண்டு முறை தலையாட்டினான், பிறகு மாட்டினான். அடுத்த வாரப் பிரசங்கத்தில் பாதிரியார் தக்க நேரத்தில் உதவிய கர்த்தருக்கும் நார்மன் கில்பிக்கும் நன்றி சொன்னார். நார்மனுக்கு மட்டும் அந்த இரண்டு பெயரும் வரிசை மாறிக் கேட்டது என்பது அவன் மனைவி ஐவியின் அபிப்பிராயம்.

அன்றிலிருந்து அவன் சனிக்கிழமைகளில் பழுப்புக் கோட்டு போட ஆரம்பித்தான். பையில் நாலு பேனாவும், ஒரு குலுக்கலில் விழுந்த மைக்ரோமீட்டரும் இருக்கும். அந்த மைக்ரோமீட்டரால் அவன் அளந்தது இதுவரை ஐவி வெட்டிய பாலாடைக்கட்டியின் தடிமனை மட்டுமே. மாதாமாதம் ஒரு மோட்டார் பத்திரிகை தபாலில் வரும். அதைப் படித்துவிட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, அகப்பட்டவனுக்கு எடுத்துச் சொல்வான். சொல்வது நன்றாக இருக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சின் மூச்சு விடுவதை அவன் விவரித்தால் கேட்பவனுக்கே நெஞ்சு ஏறி இறங்கும். அவனுக்கு எஞ்சின் மேல் உண்மையான ஆசை. எஞ்சினுக்குத்தான் அவன்மேல் அது இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் ஜாக்கிரதை. தன் காரை அவன் தொட்டதே இல்லை.

"ஊர்க் காரையெல்லாம் பிரிக்கறியே, நம்ம வண்டில ஒரு திருகாவது தொட்டிருக்கியா?" என்று ஐவி ஒருமுறை கேட்டாள்.

"நம்ம வண்டிதான் ஓடுதே" என்றான் நார்மன்.

1966 ஜூலையில் வந்த பத்திரிகையில் கேம்ஷாஃப்ட் பற்றிப் பதினோரு பக்கக் கட்டுரை. எஞ்சினின் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று நேரம் சொல்கிற தண்டு அது. அந்த நேரத்தை நாலு டிகிரி முன்னால் தள்ளி வைத்தால் சில எஞ்சின்கள் மேட்டில் நன்றாக இழுக்கும் என்று கட்டுரை சொன்னது. 'சில' என்ற சொல் நார்மன் கண்ணில் படவில்லை.

பக்கத்து வீட்டு ரெஜ் ஓக்லி பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகன். நல்லவன், குரல் பெரியது. எஞ்சினைப் பின்பக்கம் வைத்த குட்டிக் கார் ஒன்று வைத்திருந்தான். முந்தின வருடம் வேல்ஸுக்கு விடுமுறை போனபோது ஒரு மலைப்பாதையில் அது பாதியில் நின்றுவிட, அவன் மனைவி மாவிஸும் மாமியாரும் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. மாமியார் அதை அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷமும் நடக்க வச்சேன்னா, அந்தம்மா என்னை அந்த மலையிலயே பொதச்சிடும்" என்று ரெஜ் வேலிப்பக்கம் வந்து புலம்பினான்.

நார்மன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்: "கேம்ஷாஃப்ட்டை நாலு டிகிரி முன்னால தள்ளணும்."

"தள்ளினா?"

"வண்டி மலை ஏறாது ரெஜ். மலை கீழ எறங்கி வரும்."

"எத்தனை நாள் வேலை?"

"வியாழக்கிழமை சாயங்காலம். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

வேலிக்கு அந்தப் பக்கம் மாவிஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாற்பத்திநாலு வயது, குட்டையான உருவம், வாயில் இரண்டு துணிக்கிளிப்பு. அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "நாலு டிகிரியை எப்படி அளப்பீங்க, மிஸ்டர் கில்பி?"

நார்மன் அன்போடு சிரித்தான். "அதுக்குன்னு ஒரு தட்டு இருக்கு, மிஸஸ் ஓக்லி. ரொம்ப நுணுக்கமான சமாச்சாரம்."

"மாவிஸ், நீ துணியைப் பாரு" என்றான் ரெஜ்.

மாவிஸ் துணியைப் பார்த்தாள்.

அந்தத் தட்டு ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடி. நார்மன் பள்ளிக்கூடத்துக் கோணமானியை வைத்து அதன்மேல் முன்னூற்று அறுபது கோடு போட்டிருந்தான். எண்ணிப் பார்த்தால் முன்னூற்று ஐம்பத்தேழு இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அதை எஞ்சினின் முனையில் மாட்டினான். முதல் பிஸ்டன் சரியாக உச்சியில் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள, பிளக் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு, அது ஏறுவது நின்றபோது "இங்கதான்" என்றான். பிறகு கேம்ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தைக் கழற்றி நாலு டிகிரி திருப்பப் பார்த்தான். அதைச் சுற்றும் செயின் ஒத்துக்கொள்ளவில்லை. செயினில் பல் பல்லாகத்தான் நகர முடியும். நாலு டிகிரி என்று ஒன்று அதற்குத் தெரியாது. பத்திரிகைக்காரன் இந்த இடத்தை எப்படிச் சமாளித்தான் என்பது எட்டாம் பக்கத்தில் இருந்தது. எட்டாம் பக்கத்தில் ஐவி மீன் சுற்றியிருந்தாள். ஒரு பல் என்பது ஏறக்குறைய நாலு டிகிரிதான் இருக்கும் என்று நார்மன் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்து, ஒரு பல் தள்ளி மாட்டினான். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்தும் விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ரெஜ் வண்டியை எடுத்தான். தெருமுனைவரை அது இருமிக்கொண்டே போனது. மேட்டில் ஏறியதும் பின்பக்கம் டமார் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து இன்னொன்று. ஒரு கிழவி நடைபாதையில் குப்புறப் படுத்துவிட்டாள். அவளுக்கு யுத்த காலத்துக் குண்டுவீச்சு ஞாபகம் வந்துவிட்டது. பிறகு கார் நின்றது. அதைக் கயிறு கட்டித் தெருவுக்குத் திரும்ப இழுத்து வந்தது பால் வண்டி. பேட்டரியில் ஓடுகிற, நடக்கிற ஆளைவிடச் சற்றே வேகமாகப் போகிற பால் வண்டி. வழியில் அது ஒவ்வொரு வீட்டிலும் நின்று பால் போட்டுவிட்டுத்தான் வந்தது. ரெஜ் ஓக்லி பரிசோதகர் தொப்பியோடு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்றான்.

"எஞ்சின் புது டைமிங்குக்குப் பழகணும்" என்றான் நார்மன். "புதுச் செருப்பு மாதிரி."

"செருப்பு கடிக்கும்" என்றாள் ஐவி. "இது குரைக்குதே."

ரெஜ் கத்தவில்லை. அதுதான் நார்மனுக்குப் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கெளம்பணும், நார்மன். அந்தம்மா பெட்டி கட்டிடுச்சு. அந்தம்மா பெட்டி கட்டிடுச்சுன்னா அப்புறம் மாத்தி வைக்கற பேச்சே கெடையாது."

"நாளைக்கு மூணு மணிக்கு உக்காந்தா அஞ்சு மணிக்கு முடிச்சிடுவேன்."

"நாளைக்கு மூணு மணிக்கா? ஃபைனல்யா!"

உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட இருக்காது. அதற்காகத்தான் நார்மன் அந்த நேரத்தைச் சொன்னான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. "கடமைன்னு வந்துட்டா எனக்கு ஃபுட்பால் எல்லாம் ரெண்டாம்பட்சம்" என்று மட்டும் சொன்னான். ரெஜ் நெகிழ்ந்துபோனான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தெருவின் ஆண்கள் எல்லோரும் ரெஜ்ஜின் வீட்டில் கூடினார்கள். பெரிய டெலிவிஷன் அங்கேதான். காரை நார்மனின் கராஜுக்குள் தள்ளியாகிவிட்டது. அவன் தனியாக அதன் பின்னால் குனிந்து நின்றான். பிஸ்கட் மூடியைத் திருப்பினான், பத்திரிகையைத் திருப்பினான், மறுபடி மூடியைத் திருப்பினான். பால் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த ரெஜ்ஜின் முகம் நினைவுக்கு வந்தபோது, பல்சக்கரத்தின் போல்ட் கைநழுவி எஞ்சினுக்குக் கீழே எங்கோ போனது. அதே கணம் தெரு முழுக்க ஒரு முனகல் எழுந்தது. ஜெர்மனி கோல் போட்டுவிட்டது. தனக்காகத்தான் முனகினார்கள் என்று நார்மனுக்குத் தோன்றியது.

"வலது காலுக்குப் பக்கத்துல கெடக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

மாவிஸ் கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சமையல் துணி, தலையில் சுருள் கிளிப்புகள்.

"வீட்டுல பதினோரு ஆம்பளைங்க. பதினோரு பேரும் டீ கேட்டாச்சு. தண்ணி கொதிக்குதுன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்." அவள் உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். "இந்த பிஸ்கட் மூடிதான் அந்த நுணுக்கமான தட்டா?"

"மிஸஸ் ஓக்லி, இதுல கை வைக்காதீங்க, கை அழுக்காகும்..."

"ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கீங்க."

நார்மன் பத்திரிகையை மூடினான்.

"ஒரு பல்லுன்னா இருபது டிகிரி, மிஸ்டர் கில்பி. நாலு இல்ல. இன்னொரு பல் தள்ளியிருந்தீங்கன்னா வால்வு போய் பிஸ்டன்ல முட்டியிருக்கும். ரெஜ் அப்புறம் பஸ்லதான் வேல்ஸுக்குப் போகணும். அவனுக்கு டிக்கெட் வாங்கற பழக்கம் கெடையாது."

"உங்களுக்கு எப்படி..."

"யுத்தத்துல நாலு வருஷம் விமான எஞ்சின் கட்டினேன். பன்னெண்டு சிலிண்டர், ரெண்டு கேம்ஷாஃப்ட். வாரத்துக்கு ஆறு எஞ்சினுக்கு டைமிங் வைப்பேன். தப்பா வச்சா அடுத்த நாள் ஒரு பையன் கடல்ல விழுவான். அதனால தப்பா வைக்கல." கைச்சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்புறம் சமாதானம் வந்துச்சு. ஆம்பளைங்க வந்தாங்க. எங்களுக்கெல்லாம் கை குலுக்கி, ஆளுக்கொரு சமையல் புத்தகம் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"ரெஜ்ஜுக்குத் தெரியுமா?"

"ஃபாக்டரில இருந்தேன்னு சொன்னேன். அவன் சண்டைக்குப் போய் எகிப்துல மண்ணைத் தின்னுட்டு வந்திருந்தான். கேன்டீன்ல இருந்தேன்னு புரிஞ்சுக்கிட்டான். சரி, கேன்டீன்காரின்னு நெனச்சா சமையலையாவது குத்தம் சொல்ல மாட்டான்னு விட்டுட்டேன். அதுவும் நடக்கல. அந்த லைட்டைப் பிடிங்க, நார்மன்."

பதினைந்து வருடப் பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் அவள் அவனை நார்மன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் லைட்டைப் பிடித்தான்.

முதலில் ஒரு பழைய பிளக் கேட்டாள். நார்மனிடம் ஜாம் பாட்டில் நிறையப் பழைய பிளக்குகள் இருந்தன. எதற்கு என்று அவனுக்கே தெரியாது. அதன் உள்ளே இருந்த பீங்கானை உடைத்தெடுத்து ஒரு போல்ட்டை இறுக்கி, முதல் சிலிண்டரில் முடுக்கினாள். எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினாள். பிஸ்டன் ஏறி வந்து போல்ட்டில் தொட்டு நின்றது. மூடியில் ஒரு கோடு போட்டாள். எதிர்ப்பக்கம் திருப்பினாள், மறுபடி தொட்டது, இன்னொரு கோடு.

"ரெண்டுக்கும் நட்டநடுவுலதான் உச்சி" என்றாள். "பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் கொஞ்சம் நின்னு யோசிக்கும். பென்சிலை விட்டா எங்க யோசிக்க ஆரம்பிச்சுதுன்னு தெரியாது."

தெரு அலறியது. இங்கிலாந்து ஒரு கோல். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்தாள். பல்சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் பின்னால் கொண்டுவந்தாள். ஃபாக்டரியில் போட்ட அடையாளம் இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. அது தெரியாத மூலையில் இருந்ததால், முகப்பவுடர் டப்பாவின் கண்ணாடியைக் காட்டிப் பார்த்தாள். செயினின் ஒரு பக்கம் விறைப்பாக இருக்கிறதா என்று விரலால் தட்டிக் கேட்டாள். பிறகு எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றவிட்டு, அடையாளம் திரும்ப அதே இடத்தில் வருகிறதா என்று பார்த்தாள்.

"நாலு டிகிரி?" என்று நார்மன் மெதுவாகக் கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம். போன வருஷம் மலை ஏறாததுக்குக் காரணம் டைமிங் இல்ல. வண்டி வாங்கின நாள்லேர்ந்து வால்வு இடைவெளியை ஒருத்தரும் பார்க்கல. அதுக்கு வைக்கற தகட்டை அளக்கணும், உங்க மைக்ரோமீட்டரைக் குடுங்க."

அந்த மைக்ரோமீட்டர் முதல்முறையாக உலோகத்தைத் தொட்டது. அவள் கை வேலை செய்வதை நார்மன் பார்த்துக்கொண்டு நின்றான். அவசரமே இல்லை. ஒரு போல்ட்டை இறுக்கினால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் ஜன்னலில் எட்டிப் பார்த்தும் கிடைக்காத ஒன்றை, அவன் இப்போது கையெட்டும் தூரத்தில் பார்த்தான். பொறாமை வந்தது. அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் வந்தது, எதனால் என்று அவனால் சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் அவன் பேசாமல் இருந்தது ஐவிக்குத் தெரிந்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

வீடுகளுக்குள் இரைச்சல் எழுந்தது, அடங்கியது, இங்கிலாந்து முந்தியது, கடைசி நிமிடத்தில் ஜெர்மனி சமன் செய்தது, ஆட்டம் நீண்டது. ஒருமுறை ரெஜ்ஜின் குரல் வேலியைத் தாண்டி வந்தது: "மாவிஸ்! டீ என்னாச்சு?"

"கொதிக்குது!" என்று கத்தினாள் மாவிஸ், ஸ்பேனரை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

ஐந்தேகால் மணிவாக்கில் தெரு வெடித்தது. நாலுக்கு இரண்டு. கதவுகள் திறந்தன, ஆண்கள் குதித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அதே நேரத்தில் மாவிஸ் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்பி, தையல் மெஷின் போல ஓடியது. அவள் இறங்கி, கையைச் சமையல் துணியில் துடைத்துக்கொண்டு, "இப்ப டீ போடணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்க வழியாகப் போய்விட்டாள்.

ரெஜ் உள்ளே வந்தபோது அங்கே நார்மன் மட்டும்தான் இருந்தான், கையில் ஸ்பேனரோடு.

"நார்மன்! ஓடுது! யோவ், ஓடுதுய்யா!" அவன் அழுதுவிட்டான், கோப்பைக்காக அழுதது பாதி, காருக்காகப் பாதி. பதினோரு பேரும் சேர்ந்து நார்மனைத் தோளில் தூக்கினார்கள். உலகத்தை ஜெயித்த நாளில் யாரையாவது தூக்க வேண்டியிருந்தது; கைக்கு எட்டியவன் அவன்.

உண்மையைச் சொல்ல அவனுக்கு ஏறக்குறைய மூன்று விநாடி இருந்தது. தோளுக்கு மேலிருந்து பார்த்தபோது சமையலறை ஜன்னலில் மாவிஸ் கெட்டிலைத் தூக்குவது தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"என்ன பண்ணினே?" என்று கேட்டான் ரெஜ்.

"நாலு டிகிரிதான்" என்றான் நார்மன்.

விடுமுறை முடிந்து ரெஜ் வேல்ஸிலிருந்து திரும்பியதும் நார்மனின் கஷ்டகாலம் தொடங்கியது. அந்த மலையை மூன்றாவது கியரிலேயே ஏறியதாகவும், மாமியார் வண்டியிலேயே தூங்கிவிட்டதாகவும், அப்படி ஒரு நிம்மதி கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை என்றும் ரெஜ் பஸ்ஸுக்குப் பஸ் சொன்னான். அடுத்த சனிக்கிழமை நார்மன் வீட்டு வாசலில் ஆறு கார் வரிசையில் நின்றது. எல்லோருக்கும் நாலு டிகிரி வேண்டுமாம்.

அவன் வேலிப்பக்கம் போய், இல்லாத களையைப் பிடுங்குவதுபோலக் குனிந்துகொண்டு கூப்பிட்டான். "மிஸஸ் ஓக்லி..."

"எத்தனை வண்டி?" என்றாள் மாவிஸ், துணியைப் பிழிந்துகொண்டே.

"ஆறு."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். அவள் விதித்தது மூன்று நிபந்தனை. கராஜ் கதவு சாத்தியிருக்க வேண்டும். ஸ்பேனரைக் கேட்ட உடனே கேட்ட அளவில் தர வேண்டும். உள்ளே இருக்கும்போது நார்மன் பேசக் கூடாது. "வெளிய நின்னு எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. ஆளுங்களை அங்கயே நிறுத்தி வைக்கணும். அது உங்களால முடியும்."

ரெஜ்ஜிடம் அவள் ஐவியோடு பின்னல் வேலை செய்யப் போவதாகச் சொன்னாள். அப்படி ஒரு ஏற்பாடு இரண்டு வருடம் நடந்தது. ஐவி டீயோடு பின்வழியாக உள்ளே போவாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். கதவுக்கு முன்னால் நார்மன் பழுப்புக் கோட்டோடு நின்று, கேம்ஷாஃப்ட்டின் தத்துவத்தை எடுத்துச் சொல்வான். கதவை ஏன் சாத்தியிருக்கிறாய் என்று யாராவது கேட்டால், "நுணுக்கமான வேலை, காத்து படக்கூடாது" என்பான். வெளியே நிற்கிறவன் நீயாயிற்றே, உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று கேட்கும் புத்தி இரண்டு வருடத்தில் ஒருவனுக்கும் வரவில்லை. ரெஜ்ஜோ, தன் பெண்டாட்டி சனிக்கிழமை தவறாமல் பின்னல் பின்னி ஒரு காலுறைகூடக் கொண்டுவராததைக் கவனிக்கவில்லை.

அது உடைந்தது 1968 செப்டம்பரில். ஊர் மோட்டார் கிளப்பின் செயலாளர் ஸ்னெய்ட் தன் பந்தயக் காரோடு வந்தார். ஒல்லியான மனிதர், கேள்வி கேட்பவர். சுற்றி வழக்கமான கூட்டம், ரெஜ்ஜும் இருந்தான்.

"மிஸ்டர் கில்பி, ஒரே ஒரு சந்தேகம். பிஸ்டனோட உச்சியை எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? எனக்கு ஒவ்வொரு தடவையும் ரெண்டு டிகிரி தப்பாவே வருது."

"நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தான் நார்மன். எஞ்சின் மூச்சு விடுவதிலிருந்து தொடங்கினான். வால்வுகளின் குணத்துக்கு வந்தான். விமானங்களைத் தொட்டான். கால்மணி ஆகியும் உச்சி வரவில்லை. ஸ்னெய்ட் வாட்சைப் பார்த்தார். "அதெல்லாம் சரி. ஆனா உச்சி?"

"உச்சிங்கறது, மிஸ்டர் ஸ்னெய்ட், ஒரு இடம் இல்ல. அது ஒரு..."

கராஜ் கதவு படாரென்று திறந்தது. மாவிஸ் நின்றாள், முழங்கைவரை எண்ணெய். "போல்ட்டால வழியை மறிச்சு ரெண்டு பக்கமும் திருப்பி, தொடற ரெண்டு இடத்துக்கும் நடுவை எடுங்க. அவ்வளவுதான். நார்மன், அரை இஞ்ச் ஸ்பேனரைக் கேட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு!"

நார்மனின் காதில் ஏறிய சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. ஸ்னெய்ட் அவளையும், அவள் கையையும், பின்னால் பிரித்துக் கிடந்த எஞ்சினையும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ரெஜ்தான் முதலில் பேசினான். "மாவிஸ், நீ அங்க என்ன பண்ற? அப்ப மத்தியானச் சாப்பாடு?"

அதற்கு மாவிஸ் சொன்ன பதிலைத் தெருவில் இன்றும் குழந்தைகள் முன்னால் சொல்வதில்லை.

ஒரு வாரம் நார்மன் வெளியே வரவில்லை. பழுப்புக் கோட்டை ஐவி துவைத்து மடித்து வைத்தாள். "வெளிய போ, யாரும் கடிக்க மாட்டாங்க" என்றாள். அவன் போகவில்லை. அவனைப் பார்க்க வந்தது மாவிஸ்தான்.

"ஸ்னெய்ட் கிளப் வண்டி ஒம்பது அனுப்பறேன்னிருக்கார். மூடிப்போன பேக்கரி ஒண்ணு வாடகைக்கு வருது, அங்க வச்சுக்கலாம்னு பாக்கறேன்."

"நல்லது" என்றான் நார்மன் தரையைப் பார்த்து.

"நான் உள்ள வேலை செய்யும்போது வர்றவங்க வந்து தலைக்கு மேல நின்னு தொணதொணன்னு பேசுவாங்க. எனக்கு ஆகாது. முன்னாடி நின்னு அவங்களைப் பிடிச்சு வைக்க ஒரு ஆள் வேணும். உன்னை மாதிரி பேசறவன் இந்த ஊர்ல இல்ல."

அது பாராட்டா, அடியா என்று நார்மன் பல வருடம் யோசித்தான். ஆனால் ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டான்.

பேக்கரி வாசலில் 'எம். ஓக்லி, எஞ்சின் டைமிங்' என்று பலகை மாட்டினார்கள். வந்தவர்கள் நார்மனைத்தான் "மிஸ்டர் ஓக்லி" என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அவன் ஒவ்வொருவரையும் திருத்தினான். பிறகு பாதிப்பேரை. ரெஜ் பஸ் கம்பெனி வேலை முடிந்த மாலைகளில் வந்து உட்கார்ந்து, "என் சம்சாரம் யுத்தத்துல விமானம் கட்டினவ, அப்பவே தெரியும் எனக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாவிஸ் அதைக் கேட்டால் சுத்தியலைக் கொஞ்சம் பலமாகப் போடுவாள்.

1974-இல் ஒரு பத்திரிகை நிருபர் வந்தான். உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் மாவிஸ் பேச மறுத்துவிட்டாள். நார்மன் இரண்டு மணி நேரம் பேசினான். கையால் பிஸ்டனாக ஏறி இறங்கினான். "அவங்களுக்கு முதல்ல லைட் பிடிச்சது நான்தான்" என்றான், அது உண்மை. "சில விஷயங்களை நாங்க சேர்ந்துதான் கண்டுபிடிச்சோம்" என்றான், அது வேறு. சனிக்கிழமை கட்டுரை வந்தது. அரைப்பக்கப் படத்தில் நார்மன், மைக்ரோமீட்டரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி. அவன் தோளுக்குப் பின்னால் குனிந்த ஒரு முதுகு. கீழே எழுதியிருந்தது: 'டைமிங் மேதையும், அவருடைய பெண் உதவியாளரும்.'

நார்மன் ஆறு பிரதி வாங்கினான். பட்டறைக்கு நடக்கும்போது ஐந்தைக் கோட்டுக்குள் ஒளித்தான். ஆறாவதைக் காட்டாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியதால் மாவிஸிடம் நீட்டி, "நான் இப்படிச் சொல்லல, அவனா எழுதிட்டான்" என்றான்.

மாவிஸ் படத்தைப் பார்த்தாள். கீழே இருந்த வரியைப் படித்தாள். துடைக்கும் துணி எங்கே என்று சுற்றும் முற்றும் தேடினாள், கிடைக்கவில்லை. பத்திரிகையை நிதானமாக இரண்டாக மடித்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எண்ணெயை அதில் துடைத்தாள்.

"நல்ல காகிதம்" என்றாள். "இன்னும் இருக்கா?"

நார்மன் கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது, இருமியபடி. அதிலிருந்து ஒரு ஆள் கவலையோடு இறங்கினான். நார்மன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனை எதிர்கொள்ளப் போனான்.